ஒரே உயிர், ஒற்றை ஆள்

சான்பாடாவில் எங்கள் குடியிருப்பில் தமிழ் வீடுகள் ஏழெட்டு உண்டு. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இரண்டு தலைமுறை இருந்துவிட்டு, இடம் போதாமல் வாஷி பாலம் தாண்டி வந்தவர்கள் பாதிப் பேர். வேலை கிடைத்து ஊரிலிருந்து நேராக இங்கே வந்து இறங்கிய என்னைப் போன்றவர்கள் மீதி. யார் வீட்டுக்குப் போனாலும் இப்போது ஒரே புகார்தான். "பையன் கம்ப்யூட்டருக்குள்ளே காட்டுல போய் உட்கார்ந்துட்டான், கூப்பிட்டா வரமாட்டேங்கிறான்." அந்தக் காட்டில் அவன் செத்துப்போனால் இன்னும் மோசம். அன்றைக்கு வீட்டில் சாப்பாடு இறங்காது. ஒரு மாதம் ராத்திரி ராத்திரியாக விளையாடியது ஒரு ஓநாயால் போய்விட்டதாம். திரும்ப முதலிலிருந்து.

"இதுல என்னப்பா சுகம்?" என்று அம்மாக்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்கு ஒரு சரித்திரமே இருக்கிறது. அதைக் கொஞ்சம் சொல்லிவிட்டு, நம்ம ஊர் திண்ணைக்கும் வரலாம் என்று நினைக்கிறேன்.

தொண்ணூறுகளில் டிவியில் கேஸட் செருகி விளையாடியவர்களுக்கு மூன்று உயிர்க் கணக்கு தெரியும். மரியோ பள்ளத்தில் விழுந்தால் ஒன்று போகும், இன்னும் இரண்டு இருக்கும். கான்ட்ரா விளையாட்டில் ஒரு ரகசிய பட்டன் வரிசையை அழுத்தினால் முப்பது உயிர் கிடைக்கும். சாவுக்கு அங்கே மரியாதையே கிடையாது. மூன்று உயிர் என்பது காசு போட்டு விளையாடும் கடை மெஷின்களிலிருந்து வந்த வழக்கம். உயிர் சீக்கிரம் தீர்ந்தால்தானே அடுத்த காசு விழும்!

பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர்களில் காசு போடும் துளை இல்லை. அங்கே வேறு மாதிரி ஒரு விளையாட்டு பிறந்தது. 1980 வாக்கில் கலிஃபோர்னியாவில் மைக்கேல் டாய், கிளென் விச்மன் என்ற இரண்டு மாணவர்கள் 'ரோக்' என்று ஒன்றை எழுதினார்கள். படம் கிடையாது, வெறும் எழுத்துகளும் குறிகளும்தான். ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாகும் பாதாள அறைகளில் நீங்கள் நடக்க வேண்டும். செத்தால் செத்ததுதான். வேலை இருந்தால் பாதியில் சேமித்து வைத்துவிட்டுப் போகலாம். திரும்ப வந்து திறந்ததும் அந்த சேவ் கோப்பு அழிந்துவிடும். "இந்த மருந்தைக் குடித்துப் பார்ப்போம், விஷமாக இருந்தால் பழைய சேவுக்குப் போய்விடலாம்" என்று ஏமாற்றவே வழி இருக்கக் கூடாது என்பது ஏற்பாடு. இந்த வழிக்குத்தான் பின்னால் 'பெர்மாடெத்' என்று பெயர் வந்தது. நிரந்தரச் சாவு.

இதையே காட்டுக்குள் கொண்டுபோனவர் ஃபின்லாந்துக்காரர் சாமி மாரனென். 1992ல் வெளிவந்த அவருடைய 'அன்ரியல் வேர்ல்ட்' இரும்புக் காலத்து வடதேசக் காடு. குளிர், பசி, வேட்டை, ஒரே உயிர். அப்புறம் 2011ல் மைன்கிராஃப்டில் 'ஹார்ட்கோர்' என்ற முறை வந்தது. 2012ல் 'டே-ஸீ' வந்தது. அதைச் செய்த டீன் ஹால் நியூசிலாந்து ராணுவத்தில் இருந்தவர். ப்ரூனே காட்டில் நடந்த பயிற்சியில் பட்டினியும் காயமுமாகத் திணறிய அனுபவத்திலிருந்து அந்த விளையாட்டு முளைத்தது. 2013ல் 'டோன்ட் ஸ்டார்வ்'. 2014ல் முன்னோட்டமாக வந்து 2017ல் முழுதாக வெளியான 'தி லாங் டார்க்' கனடாவின் பனிக்காடு. அதில் பூதம் கிடையாது, பிசாசு கிடையாது. குளிர், ஓநாய், கரடி, காலியாகிக்கொண்டே வரும் தகர டப்பாக்கள், அவ்வளவுதான். உங்கள் ஆள் செத்ததும் அவன் கதை அழிந்துவிடும்.

ஈர்ப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்தால், முதலில், எந்த முடிவுக்கும் ஒரு எடை வந்துவிடுகிறது. நாலு தீக்குச்சிதான் இருக்கிறது, இப்போது நெருப்பு மூட்டலாமா, இருட்டும் வரை பொறுக்கலாமா? மூன்று உயிர் விளையாட்டில் இது ஒரு கேள்வியே இல்லை. ஒரே உயிர் என்றதும் கை நடுங்குகிறது. அடுத்தது, நாளுக்கு ஒரு மதிப்பு வருகிறது. 'ஐம்பதாவது நாள்' என்று பையன் சொல்லும்போது அவன் குரலில் ஒரு பெருமை இருக்கிறதே, அது சும்மா வருவதில்லை. பில்ஸா என்ற பெயரில் விளையாடும் இங்கிலாந்துக்காரர் ஒருவர் மைன்கிராஃப்ட் ஹார்ட்கோரில் ஒரே உயிரை ஐந்து வருடம் காப்பாற்றி வைத்திருந்தார். 2019ல் ஒரு குட்டி ஜோம்பியால் அது போனது. விளையாட்டில் என்ன பெரிய துக்கம் என்று கேட்கலாம். ஆனால் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒரு முழு உலகமே கண்முன்னால் மறைந்ததாகத்தான் உணர்ந்தார்கள்.

ஓட்டைகளும் உண்டு. சாவுக்குப் பயந்து பயந்து ஆள் கோழையாகிவிடுகிறான். ஒரு குடிசையைப் பிடித்துக்கொண்டு டப்பாக்களை எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருப்பான். சாகசத்துக்கென்று போனவன் ஸ்டோர் கீப்பர் வேலை பார்ப்பான். மவுஸ் வழுக்கிச் செத்தாலும் அதே தண்டனை, முட்டாள்தனமாகச் செத்தாலும் அதே தண்டனை. திரும்ப ஆரம்பித்தால் முதல் சில மணி நேரம் ஏற்கெனவே செய்த அதே வேலைகள். இது பாடமா, இம்போசிஷனா என்று சந்தேகம் வரும். 'தி லாங் டார்க்' செய்தவர்களே பின்னாளில் சாவை ஏமாற்றித் தப்பிக்க ஒரு வழி வைத்தார்கள். தப்பித்தவன் ஆறாத ஒரு குறையோடு தொடர வேண்டும்.

எனக்கு இவை எல்லாவற்றையும் விடப் பெரிதாகத் தெரிவது வேறு. அதைச் சொல்லத்தான் திண்ணைக்கு வரவேண்டும்.

நம் பழைய விளையாட்டுகளில் சாவுக்கு மூன்று கணக்கு இருந்தது. தாயத்தில் காய் வெட்டுப்பட்டால் திரும்பப் புறப்பட்ட இடத்துக்கே போகும், மறுபடி தாயம் விழுந்தால் உள்ளே வரும். பரமபதத்தில் சாவே கிடையாது, இறக்கம்தான். வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் விழித்து ஆடியவர்களுக்குத் தெரியும், உச்சிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பாம்பு வாயைத் திறந்து காத்திருக்கும். அது கடித்தால் அடிமட்டத்துக்கு வருவோம். அங்கிருந்து மீண்டும் ஏற வேண்டும், பிறவிக்கு மேல் பிறவியாக. மராட்டியத்தில் இதை மோட்சபடம் என்பார்கள், ஞானேஷ்வர் உண்டாக்கியது என்று சொல்லும் வழக்கும் இங்கே உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்துக்குப் போன இந்த விளையாட்டு 'ஸ்நேக்ஸ் அண்ட் லேடர்ஸ்' ஆனது. வைகுண்டம் போய் வெறும் நூறாவது கட்டம் மிஞ்சியது.

மூன்றாவது ஆடு புலி ஆட்டம். காட்டு விளையாட்டு என்றால் நம்மிடம் இருந்தது இதுதான். நிரந்தரச் சாவும் இதில்தான். சாதாரணமாக மூன்று புலி, பதினைந்து ஆடு. ஊருக்கு ஊர் எண்ணிக்கை கொஞ்சம் மாறும். எத்தனையோ கோயில் தரைகளிலும் மண்டபக் கற்களிலும் இதன் கோடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். புலி ஆட்டைத் தாண்டிக் குதித்தால் ஆடு செத்தது. பலகையை விட்டு எடுத்துவிட வேண்டும், திரும்ப வராது. தாயம் போட்டாலும் வராது, ஏணியும் கிடையாது. ஆடு புலியைக் கொல்லவும் முடியாது. ஆனாலும் ஆடுகள் ஜெயிக்கலாம். ஒன்றின் பின்னால் ஒன்று நெருக்கமாக நின்று புலி தாண்டிக் குதிக்க இடமில்லாமல் அடைத்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. நாலு ஆடு செத்திருக்கலாம், மந்தை ஜெயித்தது.

புதிய காட்டு விளையாட்டுகளில் எனக்குக் குறையாகப் படுவது இதுதான். ஒரே உயிர் என்பது வாஸ்தவம். அதைச் சொல்லித்தருவது நல்லதும்கூட. ஒற்றை ஆள் என்பதுதான் பொய். சேர்ந்து விளையாடும் வகைகள் இல்லாமலில்லை. ஆனால் இந்த விளையாட்டுகளின் அடிமனதில் இருப்பது 1719ல் டேனியல் டிஃபோ எழுதிய ராபின்சன் குரூசோவின் தீவு. துணையில்லாத ஒருவன் தன் மூளையால் காட்டை வெல்கிறான். குரூசோகூட, தரைதட்டிய கப்பலிலிருந்து யார் யாரோ செய்த கோடரியையும் துப்பாக்கியையும் எடுத்து வந்துதான் பிழைத்தான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

எந்தக் காளான் விஷம் என்று விளையாடுகிற பையனுக்கு எப்படித் தெரிகிறது? சாப்பிட்டுச் செத்துப் பார்த்து. அவனுடைய ஆள்தான் சாகிறான், அவனுக்கு வந்த அறிவு சாவதில்லை. இருபது சாவில் அவன் காட்டைப் படித்துவிடுவான். நிஜக் காட்டில் ஒருவனுக்கு இருபது சாவு கிடைக்காது. அங்கே மற்றவர்கள் செத்தும் பிழைத்தும் சேர்த்து வைத்த அறிவுதான் ஒரே 'சேவ் கோப்பு'. அகத்தியமலையில் 1987ல் நடந்ததைப் பாருங்கள். விஞ்ஞானிகள் சிலர், புஷ்பாங்கதன் தலைமையில், மலையேறிக் களைத்துப் போனார்கள். வழிகாட்டிகளாக வந்த காணிக்காரர்கள் ஏதோ ஒரு காயைத் தின்றுகொண்டு களைப்பே இல்லாமல் நடந்தார்கள். விஞ்ஞானிகள் கேட்டபிறகுதான் அது ஆரோக்கியப்பச்சை என்று காட்டிக்கொடுத்தார்கள். அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து வந்தது. வருமானத்தில் காணிக்காரர்களுக்குப் பங்கு, அதற்கென்று 1997ல் ஒரு அறக்கட்டளை. வீடியோ கேமில் அது புதரில் கிடக்கும் ஒரு பச்சைப் பொருள். நிஜத்தில் அது ஒரு சமூகம் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிய ரகசியம்.

மும்பைக்காரர்களான நமக்கு அகத்தியமலை வரை போகவேண்டிய அவசியம்கூட இல்லை. போரிவலி பக்கம் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா, 104 சதுர கிலோமீட்டர் காடு, மாநகரத்தின் நடுவில். சிறுத்தைகள் இருக்கின்றன. 2004ல் சிறுத்தை தாக்கிப் பலர் இறந்தார்கள். ஒரு இடத்துச் சிறுத்தையைப் பிடித்து இன்னொரு இடத்தில் கொண்டுபோய் விடுவதுதான் தீர்வு என்று அப்போது நினைத்தார்கள். அதனால் ஆபத்து கூடுகிறது என்பது வித்யா ஆத்ரேயா போன்றவர்களின் ஆராய்ச்சியில் தெரிந்தது. 2011ல் வனத்துறை 'மும்பைகர்ஸ் ஃபார் எஸ்ஜிஎன்பி' என்ற திட்டத்தைத் தொடங்கியது. குப்பையைச் சேரவிடாதீர்கள் (குப்பைக்கு நாய் வரும், நாய்க்குச் சிறுத்தை வரும்), இருட்டில் குழந்தையைத் தனியே அனுப்பாதீர்கள், பேசிக்கொண்டே கூட்டமாக நடங்கள். சாவுகள் அடியோடு நிற்கவில்லை, ஆனால் குறைந்தன. அந்தக் காட்டோரத்து வார்லி மக்களோ காலங்காலமாக வாகோபா என்று புலித்தெய்வத்தைக் கும்பிட்டுக்கொண்டு அதே சிறுத்தைகளின் பக்கத்தில் வாழ்கிறார்கள். வாசித்துப் பார்த்தால் எல்லாம் ஆடு புலி ஆட்டத்தின் சூத்திரம்தான். புலியைக் கொல்ல வேண்டாம், நெருங்கி நில்லுங்கள்.

நம்முடைய சொந்தக் கதையும் அதுவே அல்லவா. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவித் தோல் பட்டறைகளுக்கு வந்தவர்களுக்கும், பின்னால் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்துவிட்டு மாட்டுங்காவில் வந்து இறங்கியவர்களுக்கும் ஒரே உயிர்தான். கையில் பாஷை இல்லை. ஊர் எப்போதும் அன்பாக இருந்ததும் இல்லை. 1966ல் சிவசேனை தொடங்கியபோது முதல் கோபம் தென்னிந்தியர்கள் மேல்தான் விழுந்தது. அவர்கள் பிழைத்தது தனி மூளையால் மட்டும் அல்ல. சட்டைப்பையில் ஒரு விலாசம் இருந்தது. அந்த விலாசத்தில் ஒரு அண்ணாச்சியோ மாமாவோ இருந்தார். எந்த ரயிலில் ஏறணும், எந்த முதலாளியிடம் போகக்கூடாது என்று அவர் சொல்லிக்கொடுத்தார். அவருக்கு அதை யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அதனால் அம்மாக்களுக்கு நான் சொல்வது, பையனைத் திட்டாதீர்கள். ஒரே உயிரோடு காட்டில் நடந்து பார்ப்பது மோசமான பழக்கம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் தரையில் சாக்பீஸால் ஆடு புலிக் கட்டம் போடுங்கள். பதினைந்து புளியங்கொட்டை, மூன்று கூழாங்கல் போதும். கோடு மறந்துவிட்டது என்றால் ஊருக்குப் போன் போட்டுப் பாட்டியைக் கேளுங்கள், அவர்களுக்கும் சந்தோஷமாக இருக்கும். புலிப் பக்கம்தான் வேண்டும் என்று பையன் அடம் பிடிப்பான். கொடுக்காதீர்கள், ஆட்டுப் பக்கம் உட்கார வையுங்கள்.