ஒன்றிப்பின் கடனும் திருச்சபையின் பதவிகளும்: 19ஆம் நூற்றாண்டின் தொடக்க அயர்லாந்தில் அரசு ஆதரவு தேடல்

1801 ஜனவரி 1 அன்று அயர்லாந்தின் தனி நாடாளுமன்றம் இல்லாமற்போனது. அதைக் கலைக்க ஒப்புக்கொண்டவர்கள் அதே நாடாளுமன்றத்தின் உறுப்பினர்கள்தாம். 1799 ஜனவரியில் பிரிட்டனுடனான ஒன்றிப்புத் திட்டத்துக்கு எதிராக 111 வாக்குகளும் ஆதரவாக 106 வாக்குகளும் விழுந்தன. 1800 பிப்ரவரியில் ஆதரவு 158, எதிர்ப்பு 115 என்று நிலைமை மாறியது. ஏறத்தாழ ஓராண்டில் நிகழ்ந்த இந்த மாற்றத்துக்குப் பட்டங்கள், பணம், பதவிகள் என்று பல வகையில் விலை பேசப்பட்டது. அது ஊழல் என்பது பழைய குற்றச்சாட்டு. ஆனால் அந்த விலை எந்தப் பெட்டியிலிருந்து கொடுக்கப்பட்டது, அந்தப் பெட்டியை நிரப்பியவர்கள் யார் என்ற கேள்வி அந்தக் குற்றச்சாட்டுக்குள் அடங்கிவிடுவதில்லை.

அந்த வாக்குகளுக்காக அரசு பட்ட கடனின் கணிசமான பகுதி அயர்லாந்தின் ஆங்கிலிக்கன் அரசுத் திருச்சபையின் ஆயர் பதவிகளைக் கொண்டு தீர்க்கப்பட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம். அரசியல் கடனுக்கு ஆன்மிகப் பொறுப்பை ஈடாக்கியதால் அத்திருச்சபை மக்கள்முன் தன்னை நியாயப்படுத்திக்கொள்ளும் வலுவை இழந்தது. அதே காலத்தில் அரசின் தயவை ஏற்க மறுத்த கத்தோலிக்கத் திருச்சபை மக்களின் நம்பிக்கையைச் சேர்த்துக்கொண்டது. மேற்கு அயர்லாந்தின் கில்லலோ மறைமாவட்டத்தை முதன்மைச் சான்றாகக் கொண்டு இதை நிறுவ முயல்கிறேன்.

கடன் உருவான விதம்

ஒன்றிப்பால் 84 நகரத் தொகுதிகள் தம் பிரதிநிதித்துவத்தை இழந்தன. இவற்றுள் பெரும்பாலானவை தனிப்பட்ட குடும்பங்களின் உடைமைபோல இயங்கிவந்தவை. தொகுதி ஒன்றுக்கு 15,000 பவுண்டு வீதம் மொத்தம் 12 லட்சத்து 60 ஆயிரம் பவுண்டு இழப்பீடாக வழங்கப்பட்டது. இது சட்டப்படி வெளிப்படையாகக் கொடுத்த தொகை. ஒன்றிப்பை எதிர்த்தவர்களுக்கும் கிடைத்தது. ஆகவே இதை லஞ்சம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

வாக்குகளைத் திருப்பியவை வேறு வகை வாக்குறுதிகள். வைஸ்ராய் காரன்வாலிஸும் தலைமைச் செயலர் காசில்ரேயும் பலருக்கு உயர்குடிப் பட்டம், நீதிபதிப் பதவி, ஓய்வூதியம், திருச்சபை உயர்வு ஆகியவற்றை உறுதியளித்திருந்தார்கள். இவை 'ஒன்றிப்பு வாக்குறுதிகள்' என்று அழைக்கப்பட்டன. 1801இல் வைஸ்ராயாகப் பொறுப்பேற்ற ஹார்ட்விக் பிரபுவிடம் அவை தீர்க்கவேண்டிய கடன் பட்டியலாக ஒப்படைக்கப்பட்டன. மைக்கேல் மெக்டோனா 1904இல் வெளியிட்ட ஹார்ட்விக்கின் கடிதத் தொகுப்பு அந்தச் சுமையை நன்கு காட்டுகிறது. டப்ளின் கோட்டைக்குப் புதிய வைஸ்ராய் வந்தபோது, இனி காலியாகவிருந்த இடங்களுக்குக்கூட உரிமை கோருவோர் வரிசையில் இருந்தார்கள்.

லண்டனிலிருந்து வந்த நெருக்கடி நிலைமையை இன்னும் கடினமாக்கியது. உள்துறைச் செயலர் பெல்ஹாம் அயர்லாந்து நியமனங்கள் தம் கைவழியே செல்லவேண்டும் என்றார். நியமன அதிகாரம் இல்லாத வைஸ்ராயால் ஆட்சி நடத்த முடியாது என்று ஹார்ட்விக் வாதாடினார். நாடாளுமன்றம் டப்ளினை விட்டுப் போனபிறகு பதவிகளைப் பகிரும் உரிமைதான் கோட்டைக்கு எஞ்சிய முதன்மையான அரசியல் கருவி என்பதை இரு தரப்பும் அறிந்திருந்தன.

ஏன் திருச்சபை?

சிவில் பதவிகளைக் காட்டிலும் திருச்சபைப் பதவிகள் கடன் தீர்க்க வசதியாக அமைந்ததற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, நியமன முறை. இங்கிலாந்தில் ஆயரைத் தேர்ந்தெடுக்கும் சடங்காவது பேராலயக் குழுவுக்கு விடப்பட்டிருந்தது. அயர்லாந்தில் அதுவும் இல்லை. அரசாணைப் பத்திரம் ஒன்றாலேயே ஆயர் நியமனம் முடிந்தது. வைஸ்ராயின் பரிந்துரையும் லண்டனின் இசைவும் இருந்தால் போதும்.

இரண்டாவது, வருமானத்தின் தன்மை. வேலையற்ற சம்பளப் பதவிகளை நாடாளுமன்றக் குழுக்கள் துருவத் தொடங்கிய காலம் அது. ஆயரின் வருமானமோ அரசு வரவுசெலவுக் கணக்கில் வராது. மறைமாவட்ட நிலங்களிலிருந்தும் குத்தகைகளைப் புதுப்பிக்கும் கட்டணங்களிலிருந்தும் அது ஆயுள் முழுவதும் வந்துகொண்டிருந்தது. ஆயராக அமர்ந்தவருக்குத் தம் மறைமாவட்டத்துப் பங்குகள் பலவற்றுக்குக் குருவை நியமிக்கும் உரிமையும் கிடைத்தது. மகன், மருமகன், நண்பரின் மகன் என்று அந்தத் தயவு கீழே இறங்கியது.

மூன்றாவது, இடமாற்றம் என்னும் ஏற்பாடு. ஆயர் ஒருவர் இறந்தால் அந்த இடத்துக்குப் புதியவரைக் கொண்டுவராமல், குறைந்த வருமானமுள்ள மறைமாவட்டத்து ஆயர் உயர்த்தப்படுவார்; அவர் இடத்துக்கு இன்னொருவர் நகர்வார். 1801 அக்டோபரில் டப்ளின் பேராயர் ராபர்ட் ஃபவுலர் மறைந்தார். காஷல் பேராயர் சார்ல்ஸ் ஏகர் டப்ளினுக்கு வந்தார். ஒன்றிப்பை முதலில் எதிர்த்துப் பின்னர் ஆதரித்தவர் அவர். கில்மோர் ஆயர் சார்ல்ஸ் பிராட்ரிக் காஷலுக்கும், குளோன்ஃபர்ட் ஆயர் ஜார்ஜ் பெரெஸ்ஃபோர்டு கில்மோருக்கும் போனார்கள். குளோன்ஃபர்ட், கேலிடன் பிரபுவின் அண்ணன் மகன் நதானியேல் அலெக்சாண்டருக்குக் கிடைத்தது. ஒரே இறப்பால் நால்வர் பயனடைந்தார்கள். நான்கு குடும்பங்களின் கோரிக்கைகள் ஒரே மூச்சில் நிறைவேறின.

இவற்றுள் கில்மோர் நியமனத்துக்குத் திருச்சபைக்குள்ளிருந்தே எதிர்ப்பு எழுந்தது. அர்மா பேராயரும் திருச்சபைத் தலைவருமான வில்லியம் ஸ்டூவர்ட், பெரெஸ்ஃபோர்டின் ஒழுக்கத்தைக் கடுமையாகக் குறைகூறி எழுதினார். தாம் பதவி விலகவும் தயார் என்றார். அவர் சொல் எடுபடவில்லை. பெரெஸ்ஃபோர்டின் தந்தை ஜான் பெரெஸ்ஃபோர்டு வருவாய் ஆணையத்தின் தலைவராக நீண்டகாலம் கோலோச்சியவர். 1795இல் ஃபிட்ஸ்வில்லியம் பிரபு அவரைப் பதவியிலிருந்து விலக்க முயன்று, அதுவும் ஒரு காரணமாகத் தாமே வைஸ்ராய் பதவியை இழந்து திரும்பினார். அத்தகைய குடும்பத்துக்குக் கொடுத்த வாக்கை ஒரு பேராயரின் மனச்சாட்சிக்காக அரசு மீறத் துணியவில்லை. ஜார்ஜ் பெரெஸ்ஃபோர்டு 1841 வரை கில்மோரின் ஆயராகவே இருந்தார்.

கில்லலோ: ஓர் ஆசனம், நான்கு ஆயர்கள்

ஷானன் ஆற்றங்கரையிலுள்ள கில்லலோவின் மறைமாவட்டம் கிளேர் மாநிலத்தின் பெரும்பகுதியையும் திப்பரெரியின் ஒரு பகுதியையும் உள்ளடக்கியது. அங்கே வாழ்ந்தவர்களில் மிகப் பெரும்பான்மையோர் கத்தோலிக்கர். 1803–04இல் அந்த ஆசனத்தில் நிகழ்ந்தவற்றை வரிசையாக நோக்குவோம்.

1803 ஜூலையில் டெர்ரி ஆயரும் பிரிஸ்டல் கோமகனுமான ஃபிரெடரிக் ஹெர்வி இறந்தார். டெர்ரி, நாட்டின் மிகச் செல்வமான மறைமாவட்டங்களுள் ஒன்று. அதற்குக் கில்லலோ ஆயர் வில்லியம் நாக்ஸ் மாற்றப்பட்டார். நார்த்லாந்து பிரபுவின் மகனான அவர் முன்பு அயர்லாந்துப் பொதுமக்கள் அவையின் குருவாக இருந்தவர். காலியான கில்லலோவுக்கு வந்தவர் சார்ல்ஸ் லிண்ட்சே. அவருடைய உடன்பிறந்த சகோதரி எலிசபெத், வைஸ்ராய் ஹார்ட்விக்கின் மனைவி. வாக்குறுதிகளின் சுமையால் தவித்த அதே வைஸ்ராய் தம் மைத்துனருக்கு இடம் ஒதுக்கத் தவறவில்லை.

லிண்ட்சே கில்லலோவில் வேரூன்றவில்லை. 1804இல் டப்ளினுக்கு அருகிலுள்ள கில்டேர் கிடைத்தது. அதனுடன் தலைநகரின் கிறைஸ்ட் சர்ச் பேராலயத்தின் தலைமையும் சேர்ந்தே வந்தது. கில்லலோவுக்குக் குளோன்ஃபர்ட்டிலிருந்து நதானியேல் அலெக்சாண்டர் வந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் அவரும் வடக்கே டவுன்–கானருக்குப் போய்விட்டார். நான்காவதாக வந்தவர் ராபர்ட் டாட்டன்ஹாம் லாஃப்டஸ். முப்பது வயதைச் சற்றே கடந்தவர். அவருடைய தந்தை ஈலி பிரபு, ஒன்றிப்பின்போது தம் தொகுதிகளுக்கு 45,000 பவுண்டு இழப்பீடும் மார்க்குவிஸ் பட்டமும் பெற்றவர்.

ஆக, ஈராண்டுக்குள் ஒரே ஆசனத்தில் நால்வர் அமர்ந்தார்கள். இவர்களில் எவரையும் கில்லலோவின் தேவை அங்கே அழைக்கவில்லை. எவரேனும் தனிப்பட்ட முறையில் நல்லவராக இருந்திருக்கலாம். இங்கே கேள்வி அதுவன்று. சிதைந்த தேவாலயத்தைச் செப்பனிடுவதும், பங்கில் தங்காத குருவைக் கண்டிப்பதும், ஐரிஷ் மொழி தெரிந்த குருவைத் தேடுவதும் ஆண்டுக்கணக்கில் தங்கிப் பழகும் ஆயரால் மட்டுமே ஆகும் பணிகள். அந்த ஆசனத்தைப் பயணத்தின் இடைநிலையமாக்கிய ஏற்பாடு, அந்தப் பணியைத் தொடக்கத்திலேயே கெடுத்துவிட்டது.

யார் கொடுத்த பணம்?

பதவி தேடியவர்களின் விண்ணப்பங்களில் திரும்பத்திரும்ப வருபவை நான்கு தகுதிகள்: குடிப்பிறப்பு, பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1798 கிளர்ச்சியின்போது காட்டிய விசுவாசம், தேர்தலில் அளித்த ஆதரவு, பெரிய குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டிய நெருக்கடி. அப்பதவியால் யாருக்குத் தொண்டு செய்யவேண்டுமோ அந்த மக்கள் இந்த எழுத்துகளில் அரிதாகவே தென்படுகிறார்கள். ஆனால் அந்தத் திருச்சபையைத் தாங்கியது அவர்களின் உழைப்புதான்.

குருமாரின் வருமானத்தின் அடிப்படை தசமபாகம். அது எல்லா மதத்தவரின் விளைச்சல்மீதும் விழுந்தது. 1735இல் அயர்லாந்துப் பொதுமக்கள் அவை மேய்ச்சல் கால்நடைகள்மீதான தசமபாகத்துக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியதால், பெரும் புல்வெளிகளை வைத்திருந்தவர்கள் அந்தச் சுமையிலிருந்து தப்பினார்கள். தென்பகுதியான மன்ஸ்டரிலோ உருளைக்கிழங்குமீதும் தசமபாகம் பிரிக்கப்பட்டது. ஒரு துண்டு நிலத்தில் குடும்பத்தின் ஆண்டு உணவைப் பயிரிட்ட கத்தோலிக்கக் குடிசைவாசி, தான் நுழையாத தேவாலயத்துக்குத் தன் கிழங்கில் பங்கு கொடுத்தார்; நூற்றுக்கணக்கான மாடுகளை மேய்த்த கனவான் கொடுக்கவில்லை. 1823ஆம் ஆண்டுச் சட்டம்தான் இந்த ஏற்றத்தாழ்வைத் தொட்டது. 1834இல் எடுத்த மதக் கணக்கெடுப்பு, ஏறத்தாழ 80 லட்சம் மக்களில் அரசுத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் சுமார் எட்டரை லட்சம்பேர் மட்டுமே என்று காட்டியது. பதவியை நியாயப்படுத்தத் தொண்டு தேவைப்பட்ட இடத்தில் தொண்டைக் கடைசிக்குத் தள்ளியதே இந்த ஆதரவு முறையின் ஆழமான தவறு.

ஒரு மறுப்பும் அதற்கான விடையும்

இந்தச் சித்திரம் ஒருதலைப்பட்சமானது என்று ஒருவர் மறுக்கலாம். அயர்லாந்துத் திருச்சபை 1800க்குப் பிறகு தன்னைத்தானே சீர்திருத்திக்கொண்டது என்பதை டொனால்ட் ஏக்கன்சன் விரிவாக எடுத்துரைத்திருக்கிறார். நாடாளுமன்ற மானியத்தால் தேவாலயங்களும் குருமனைகளும் எழுந்தன; பங்கில் தங்கும் விதிகள் இறுக்கப்பட்டன. தகுதியால் உயர்ந்தவர்களும் உண்டு. லிமரிக் மாநிலத்து அபிங்டன் பங்குக் குரு ஜான் ஜெப் சிறந்த சான்று. 1821இல் சுற்றுவட்டாரம் முழுவதும் கலவரம் மூண்டபோது, அவர் கத்தோலிக்கப் பங்குக் குருவின் துணையுடன் கத்தோலிக்க ஆலயத்திலேயே மக்களிடம் பேசி அமைதி காத்தார். விவிலியக் கவிதையின் அமைப்பைப் பற்றிய அவருடைய 1820ஆம் ஆண்டு நூலும் புகழ்பெற்றது. 1822 இறுதியில் லிமரிக் ஆயர் பதவி அவரைத் தேடி வந்தது.

இந்த உண்மைகளை முழுமனதாக ஏற்கிறேன். ஆனால் ஜெப்பின் வாழ்க்கையே என் வாதத்தை உறுதிப்படுத்துகிறது. அவரை அபிங்டனில் அமர்த்தியவர் காஷல் பேராயர் பிராட்ரிக். 1801இன் அந்த இடமாற்றத் தொடரில் உயர்ந்தவர். ஜெப்பின் நெருங்கிய நண்பர் அலெக்சாண்டர் நாக்ஸ், ஒருகாலத்தில் காசில்ரேயின் தனிச்செயலர். தகுதியும் ஒரு புரவலர் வழியாகத்தான் மேலே வர முடிந்தது. புரவலர் நல்லவரானால் நல்லவர் வருவார். இல்லாவிட்டால் அதைத் திருத்த வழியில்லை. ஒரு நிறுவனம் தற்செயலான நன்மையை நம்பி வாழ முடியாது.

மறுத்தவர்களின் வலிமை

அரசு மற்றத் திருச்சபைகளையும் தன் தயவுக்குள் கொண்டுவர முயன்றது. 1803இல் பிரெஸ்பிட்டேரியன் குருமாருக்கான அரச மானியம் காசில்ரேயின் முயற்சியால் திருத்தப்பட்டது. சபைகள் மூன்று வகுப்பாகப் பிரிக்கப்பட்டு, குருவுக்கு ஆண்டுக்கு 100, 75, 50 பவுண்டு என நிர்ணயமானது. 1798இல் அந்தக் குருமாரில் சிலர் கிளர்ச்சியாளரோடு நின்றதைக் கண்ட அரசு, இனி விசுவாசத்தை உறுதிப்படுத்த விரும்பியது.

கத்தோலிக்க ஆயர்களிடமும் இதே பேரம் பேசப்பட்டது. 1799இல் மேனூத் கத்தோலிக்கக் குருத்துவக் கல்லூரியின் அறங்காவலர்களான பத்து ஆயர்கள், அரசு ஊதியத்தையும் ஆயர் நியமனத்தில் அரசின் தடையுரிமையையும் ஏற்க இசைந்தார்கள். ஒன்றிப்போடு வரும் என்று எதிர்பார்த்த, கத்தோலிக்கருக்கு நாடாளுமன்றத்தில் அமரும் உரிமை தரும் 'கத்தோலிக்க விடுதலை' மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் எதிர்ப்பால் வராமற்போனது. 1808இல் ஆயர்கள் தடையுரிமையை நிராகரித்தார்கள். கத்தோலிக்க வழக்கறிஞர் டேனியல் ஓகானல் அந்த மறுப்பை மக்கள் இயக்கமாக்கினார். அரசுச் சம்பளம் வாங்காத குரு, தம் பங்கு மக்களின் காணிக்கையையே நம்பி வாழ்ந்தார். 1824 முதல் மாதம் ஒரு பென்னி வீதம் 'கத்தோலிக்கச் சந்தா' திரட்டப்பட்டபோது ஊர்தோறும் துணைநின்றவர்கள் இந்தக் குருமார்தாம்.

இரு பாதைகளும் 1828இல் கிளேர் மாநில இடைத்தேர்தலில், அதாவது கில்லலோ மறைமாவட்டத்தின் மையத்தில், நேருக்குநேர் மோதின. அரசுத் தரப்பு வேட்பாளர் வேசி ஃபிட்ஸ்ஜெரால்ட் வெறுக்கத்தக்கவர் அல்லர். கத்தோலிக்க விடுதலையை ஆதரித்தவர். அவர் தந்தை ஒன்றிப்பை எதிர்த்ததால் அரசுப் பதவியை இழந்தவர். அமைச்சராகப் புதிதாகப் பொறுப்பேற்றதால் மீண்டும் மக்கள்முன் நின்றார். மாநிலத்தில் பலருக்கு வேலையும் சலுகையும் பெற்றுத்தந்த குடும்பம் அவருடையது. ஆயினும் அவரை எதிர்த்துப் போட்டியிட்ட ஓகானலுக்கு 2,057 வாக்குகளும் அவருக்கு 982 வாக்குகளும் விழுந்தன. பெற்ற தயவுக்கு வாக்கால் நன்றி செலுத்தும் பழைய ஏற்பாட்டை நாற்பது ஷில்லிங் மதிப்புள்ள நிலத்தால் வாக்குரிமை பெற்ற குடியானவர்கள் தம் குருமாரின் துணையோடு உடைத்தார்கள்.

முடிவு

1829இல் கத்தோலிக்க விடுதலை வந்தது. 1831இல், தசமபாகம் கொடுக்க மறுத்த மக்களின் 'தசமபாகப் போர்' மூண்டது. 1833ஆம் ஆண்டுச் சட்டம் 22 ஆயர் ஆசனங்களை 12ஆகக் குறைக்க வழிவகுத்தது. அதன்படி குளோன்ஃபர்ட் கில்லலோவோடு இணைந்தது. லிண்ட்சே 1846இல் இறந்ததும் கில்டேர் டப்ளினோடு சேர்ந்தது. ஒரு தலைமுறைக்கு முன்னர் கடன் தீர்க்கப் பயன்பட்ட ஆசனங்கள் பல, தேவையற்றவை என்ற தீர்ப்பைப் பெற்றன. அந்தத் தீர்ப்பை எதிர்த்துக் குரல்கொடுக்கப் பங்கு மக்கள் கூட்டமாகத் திரளாததற்குக் காரணம், அந்த ஆசனங்கள் தமக்காக இருந்தன என்று நம்ப அவர்களுக்கு வாய்ப்பே தரப்படவில்லை என்பதுதான்.

ஆதரவு முறை அக்காலத்தின் பொதுவழக்கம் என்று சொல்லி இந்த வரலாற்றைக் கடந்துபோவது போதாது. மக்களின் இசைவு இல்லாத ஆட்சி, மேல்தட்டின் இசைவைப் பதவிகளால் வாங்கியது. பதவிகள் தீர்ந்துபோகாதபடி அறநிறுவனத்தையே கருவூலமாக்கியது. பேராயர் ஸ்டூவர்ட் 1801இலேயே இந்த ஆபத்தைக் கண்டு எச்சரித்தார். அன்றே அவர் சொல்லைக் கேட்டிருந்தால் அரசு ஒரு குடும்பத்தின் நட்பை இழந்திருக்கும். கேளாததால் அது இழந்தது, பெரும்பான்மை மக்களை நெருங்கக் கிடைத்த ஒரு வாய்ப்பை.