காலில் கிடந்த விலங்கு

சென்ற மாதம் ஓர் ஆபீஸிலிருந்து என் பழைய மனுவின் நகல் கிடைத்தது. ஓரத்தில் சிவப்பு மையால் 'எக்ஸ்பெடைட்' என்று ஓர் அதிகாரி எழுதியிருந்தார். சீக்கிரம் முடி என்று அர்த்தம். எழுதிய தேதி போன வருஷத்துத் தை மாதம்!

மனுவை மறந்துவிட்டு அகராதியைப் புரட்டினேன். லத்தீன் பாஷையில் பாதத்துக்குப் 'பெஸ்' என்று பெயர். சிக்கிக்கொண்ட காலை விடுவிப்பது 'எக்ஸ்பெடீரே', சிக்கவைப்பது 'இம்பெடீரே'. எங்கள் திருநெல்வேலியிலே 'சுருக்கா வாலே' என்கிறோம். நாம் பொழுதைச் சுருக்குகிறோம். அவர்கள் கால்கட்டை அவிழ்க்கிறார்கள்.

படையெடுப்பைக் குறிக்கும் 'எக்ஸ்பெடிஷன்' என்பதும் அந்த வேரில் முளைத்ததுதான். அதை எங்கள் சீமை நன்றாக அறியும். 1799இல் மேஜர் பானர்மன் படையோடு வந்தான். அக்டோபர் 16ஆம் தேதி கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தரைமட்டமாக்கினார்கள். தம்பி ஊமைத்துரையும் மற்றவர்களும் பாளையங்கோட்டைச் சிறையில் விலங்கோடு கிடந்தார்கள்.

1801 பிப்ரவரி 2. கைதிகள் சிலருக்கு அம்மை கண்டிருந்ததால் அன்று காலையில்தான் விலங்குகளைக் கழற்றியிருந்தார்கள். மாலையில் வெள்ளைக்காரர்கள் மேஜர் மெக்காலே வீட்டு விருந்தில் இருந்தார்கள். கைதிகள் காவலாளிகளை மடக்கிவிட்டு வெளியேறினார்கள். பாஞ்சாலங்குறிச்சி ஏறக்குறைய 30 மைல். நடுவே தாமிரபரணி வேறு. பொழுது விடியுமுன் போய்ச் சேர்ந்துவிட்டார்களாம்! அந்தப் போரில் இருந்த வெல்ஷ் என்ற ஆங்கில அதிகாரியே, குதிகாலை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்று பின்னாளில் வேடிக்கையாக எழுதிவைத்தார்.

லத்தீன்காரன் சொல்லுக்கு இதைவிட நேரான உரை எங்கே கிடைக்கும்? அதை நடத்திக் காட்டியவரோ வாய் பேச வராதவர். சைகையாலேயே கட்டளையிடுவார், கூட்டம் உயிரைக் கொடுக்கும்.

மெக்காலே துருப்புகளோடு துரத்திக்கொண்டு வந்து பார்த்தபோது, இடித்துப் போட்ட கோட்டை மறுபடி எழுந்து நின்றது. சுவர்மேல் ஆயுதபாணிகள். சில நாட்களுக்குள் அத்தனை மண்ணையும் யார் சுமந்தார்கள்? ஊரே சுமந்திருக்க வேண்டும். பெண்களும் குழந்தைகளும் சும்மாவா இருந்திருப்பார்கள்?

மெக்காலே திரும்பிப் போனார். கர்னல் அக்னியூ பெரும் படையோடும் பீரங்கிகளோடும் வந்த பிறகுதான், மே 24ஆம் தேதி, அந்த மண் சுவர் விழுந்தது. ஊமைத்துரை அன்றும் தப்பிச் சிவகங்கை மருது சகோதரர்களிடம் போய்ச் சேர்ந்தார். நவம்பரில் பிடித்துக்கொண்டு வந்து, பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிட்டார்கள்.