விளையாட்டில் எஞ்சும் வீதி

யப்பானின் தலைநகராகிய தோக்கியோவில் 1962ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் விரைவுச்சாலை ஒன்றின் முதற் பகுதி திறந்து வைக்கப்பட்டது. அதன் நீளம் 4.5 கிலோமீற்றர் மாத்திரமே. 1964ஆம் ஆண்டின் ஒலிம்பிக் விழாவுக்கு முன்னர் அது மேலும் வளர வேண்டியிருந்தது. நெருங்கிய நகரிலோ நிலம் பெறுதல் அரிதாயிற்று. ஆகவே பொறியியலாளர் பழைய ஆறுகளையும் கால்வாய்களையும் நாடினர். சிலவிடங்களில் நீரின்மேல் தூண்கள் எழுந்தன. சிலவிடங்களில் நீரை அகற்றிக் கால்வாயின் படுகையிலேயே சாலையை அமைத்தனர். எனவே, அச்சாலையின் வளைவுகள் பல, எடோ எனப் பெயர் பெற்றிருந்த பண்டை நகரின் நீர்வழிகள் விட்டுச் சென்ற சுவடுகளே.

இச்சாலையை இன்று நேயர்களுக்கு நினைவூட்டுவதற்குக் காரணம் ஒரு வீடியோ விளையாட்டாகும். 1999ஆம் ஆண்டு கென்கி என்னும் யப்பானிய நிறுவனம், சேகா நிறுவனத்தாரின் டிரீம்காஸ்ட் என்ற விளையாட்டுப் பொறிக்கென அதனை வெளியிட்டது. அமெரிக்காவில் அது ‘தோக்கியோ எக்ஸ்ட்ரீம் ரேசர்’ எனப் பெயர் பெற்றது. நகரின் நடுவே வட்டமிடும் அவ்விரைவுச்சாலையே அதன் களம். இரவே அதன் காலம். முன் செல்லும் மோட்டார் வண்டியை நெருங்கி முகப்பு விளக்கை மின்னச் செய்தால் அதுவே அறைகூவல். முடிவுக் கோடு என ஒன்று இல்லை. போட்டியாளர் இருவருக்கும் திரையில் ஒவ்வோர் ஆற்றற்பட்டை உண்டு. பின்தங்கினாலும் சுவரில் மோதினாலும் அது குறையும். எவருடையது முதலில் அற்றுப்போகின்றதோ அவரே தோற்றவர்.

இவ்விளையாட்டை மீண்டும் தேடிச் சேகரிப்போர் இன்று உளர். இளமை நினைவே பலரையும் தூண்டுகின்றது என்பது மெய். எனினும் அவர்தம் செயலுக்கு அதனினும் பெரிய பயன் ஒன்று உண்டு. நகரின் புகழ்பெற்ற நிகொன்பாசிப் பாலத்தை 1963ஆம் ஆண்டு முதல் இவ்விரைவுச்சாலை மூடி நிற்கின்றது. அப்பகுதியை நிலத்தடிக்கு மாற்றும் பணி இப்பொழுது நடைபெறுகின்றது; அதன்பொருட்டு 2021ஆம் ஆண்டு அங்குள்ள ஏறுவழி, இறங்குவழிகள் மூடப்பட்டன. மேற்பாலம் 2040ஆம் ஆண்டளவில் அகற்றப்படுதல் வேண்டும் என்பது திட்டம். அதன்பின் அவ்வழியே வண்டி செலுத்தும் உணர்வைப் பெற விரும்புவோர், நிழற்படங்களுடன் இத்தகைய பழைய விளையாட்டுகளையும் நாடுவர்.

ஆயின் அவ்விளையாட்டைக் காத்தல் எளிதன்று. அஃது அடங்கிய தட்டினைச் சாதாரண கணினியின் தட்டிறுவை முழுமையாகப் படிக்கமாட்டாது. அதற்குரிய பொறியும் வேண்டும். அப்பொறியின் உற்பத்தியைச் சேகா 2001ஆம் ஆண்டிலேயே நிறுத்திவிட்டது. 2023ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று, அமெரிக்காவில் வெளிவந்த பழைய வீடியோ விளையாட்டுகளுள் நூற்றுக்கு 87 விற்பனையில் இல்லையெனக் கண்டது. கென்கி 2025ஆம் ஆண்டு அதே பெயரிற் புதிய விளையாட்டொன்றை வெளியிட்டுள்ளது. நன்று, எனினும் புதிய பதிப்பு பழைய ஏட்டுக்கு ஈடாகாது என்பதை நூல்களை ஆராய்வோர் நன்கறிவர்.

இதனைச் சான்றாகக் கொள்ளுமிடத்து எச்சரிக்கையும் வேண்டும். இவ்விளையாட்டில் மோதியவர் மடிவதில்லை. எவர் வீட்டிலும் அழுகுரல் எழுவதில்லை. சட்டம் தடைசெய்த வீதிப் பந்தயத்தின் கவர்ச்சியை மட்டுமே அது காட்டுகின்றது. மன்னனைப் புகழ்ந்த மெய்க்கீர்த்தியைப் படிப்பதுபோலவே இதனையும் படித்தல் வேண்டும்: சொன்னதை ஏற்று, சொல்லாததை வினவுதல் வேண்டும்.

ஓலைச்சுவடிகளை நம் முன்னோர் பரண்களிற் போட்டு மறந்தனர். கறையான் அரித்தவை போக எஞ்சியவற்றையே நாம் பெற்றோம். விளையாட்டுத்தானே என்று எறியப்படும் தட்டுகளுக்கும் அந்நிலை நேரலாம். எது வரலாறாகும் என்பதைப் பின்வருவோர் தீர்மானிப்பர். அவர்கள் தீர்மானிப்பதற்கு ஏதேனும் எஞ்சியிருக்கச் செய்வதே நம் கடமை.