பெயர்களின் வரிசை: வாஷிங்டன் வியட்நாம் போர் முன்னாள் படைவீரர் நினைவுச்சின்னத்தின் வரலாறும் வடிவமைப்பும்

முன்னுரை

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 1982 நவம்பர் 13 அன்று திறந்துவைக்கப்பட்ட வியட்நாம் போர் முன்னாள் படைவீரர் நினைவுச்சின்னம், தன் பெயரில் முன்னாள் படைவீரர்களைக் கொண்டிருக்கிறது. ஆயின் அதன் சுவரில் பொறிக்கப்பட்டோர் அப்போரில் இறந்தவரும் காணாமற்போனவருமே ஆவர். உயிருடன் திரும்பியோர்க்கு அங்கு இடமில்லை. வெளிப்படையான இம்முரணை ஆய்வாளர் பலர் கடந்து சென்று, சுவரின் நிறத்தையும் சிலையின்மையையும் குறித்தே விரிவாகப் பேசியுள்ளனர். திரும்பி வந்தோர்க்குரிய இடம் பெயர்கள் அடுக்கப்பட்ட முறையில் பொதிந்துள்ளது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

தோற்றமும் பூசலும்

காலாட்படையில் பணியாற்றித் திரும்பிய ஜான் ஸ்கிரக்ஸ் 1979இல் தொடங்கிய நிதியமே இம்முயற்சிக்கு மூலம். அரசு நிலத்தை மட்டும் அளித்தது. செலவு முழுவதும் தனியார் நன்கொடையால் திரட்டப்பட்டது. 1980இல் இடம் ஒதுக்கும் சட்டம் நிறைவேறியபின் வடிவமைப்புப் போட்டி அறிவிக்கப்பட்டது. இறந்தோர், காணாமற்போனோர் அனைவரின் பெயரும் இடம்பெற வேண்டும் என்பதும், போரைப் பற்றிய அரசியல் கருத்து எதுவும் இடம்பெறலாகாது என்பதும் அதன் முதன்மை விதிகள். வந்த 1,421 வரைவுகளுள் யேல் பல்கலைக்கழக மாணவியான 21 வயது மாயா லின்னின் வரைவை நடுவர் எண்மரும் ஒருமனதாகத் தேர்ந்தனர். வரைவுகள் பெயரின்றி எண்ணிட்டே மதிப்பிடப்பட்டமையால், அவரது வயதும் சீன மரபும் நடுவர்க்குத் தெரியா.

எதிர்ப்பு கடுமையாக எழுந்தது. நிலத்திற்குக் கீழே இறங்கும் கறுப்புச் சுவர் அவமானச் சின்னம் எனப் பழிக்கப்பட்டது. உள்துறைச் செயலர் ஜேம்ஸ் வாட் கட்டுமான அனுமதியை நிறுத்திவைத்தார். கொடிக்கம்பமும் படைவீரர் சிலையும் சேர்க்கப்படும் என்ற உடன்பாட்டுக்குப் பின்னரே 1982 மார்ச்சில் பணி தொடங்கியது. பிரெடரிக் ஹார்ட் வடித்த மூன்று வீரர் சிலை 1984இல் நிறுவப்பட்டது. அது சுவரின் நடுவில் நிற்காமல் விலகி நின்று அதனை நோக்குகிறது. பூசலின் விளைவு, சுவருக்கு ஒரு பார்வையாளரைத் தந்ததே எனலாம்.

வரிசையின் பொருள்

பெங்களூரிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட கறுப்புக் கிரானைட்டால் ஆன இரு சுவர்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 75 மீட்டர் நீளத்தில், ஒன்று லிங்கன் நினைவகத்தையும் மற்றொன்று வாஷிங்டன் நினைவுத்தூணையும் நோக்கி விரிகின்றன. பெயர்கள் அகரவரிசையில் இல்லை; இறப்பு அல்லது இழப்பு நேர்ந்த நாளின் வரிசையில் உள்ளன. இரு சுவரும் கூடும் மூலையில் 1959இல் தொடங்கும் வரிசை கிழக்குச் சுவரின் முனைவரை சென்று மண்ணுள் மறைகிறது. பின் மேற்குச் சுவரின் முனையில் எழுந்து, 1975இல் அதே மூலைக்குத் திரும்புகிறது. முதல் இறப்பும் இறுதி இறப்பும் அருகருகே அமைகின்றன.

இவ்வரிசையை முன்னாள் வீரர்களுள் சிலரே முதலில் ஏற்கவில்லை. தேடி வருவோர் பெயரைக் கண்டறிய இயலாது என்பது அவர்தம் கவலை. ஆனால் அகரவரிசைப் பட்டியலைப் பார்த்தபோது, ஸ்மித் என்னும் குடும்பப்பெயர் மட்டும் 600க்கு மேல் இருந்தது. அத்தகைய வரிசை தொலைபேசி விவரக் கையேடு போலாகி, தனிமனிதரை அழித்துவிடும் என்பது தெளிவாயிற்று. தேடுவோர்க்கு உதவியாக, பலகை எண்ணும் வரி எண்ணும் தரும் அகரவரிசைக் கையேடுகள் வைக்கப்பட்டன.

காலவரிசையால் ஒரே மோதலில் வீழ்ந்தோர் ஒன்றாகவே நிற்கின்றனர். பதவி, படைப்பிரிவு, ஊர் எதுவும் இல்லை. பெரும்பாலோர்க்கு வியட்நாம் பணிக்காலம் ஏறத்தாழ ஓராண்டே. எனவே திரும்பிய வீரர் தம் ஓராண்டைச் சுவரில் ஒரு நீளமாகவே காண்கிறார். அப்பகுதியில் தம் தோழரின் பெயர்களுக்கிடையே, மெருகேற்றிய கல்லில் தம் முகமும் தெரிகிறது. பெயர் பொறிக்கப்படாதவர்க்கு வடிவமைப்பு வழங்கிய இடம் அதுவே.

வரிசைக்குள் அடங்காதோர்

1982இல் 57,939 ஆக இருந்த பெயர்கள் இன்று 58,000ஐக் கடந்துள்ளன. சேர்க்கப்படும் பெயர் வெற்றிடம் உள்ள வரியிலேயே பொறிக்கப்பட வேண்டியிருத்தலால் காலவரிசை ஆங்காங்கே குலைகிறது. 1956இல் இறந்த ஒருவரின் பெயர் 1999இல் சேர்க்கப்பட்டது. தொடக்கமே 1959 என்றமைந்த சுவரில் அதற்கு உரிய முன்னிடம் இல்லை. பெயருக்கருகே சாய்சதுரக் குறி இறப்பு உறுதியானதையும், சிலுவைக் குறி காணாமற்போனதையும் உணர்த்துகின்றன. எச்சம் அடையாளம் காணப்பட்டால் சிலுவையின்மேல் சாய்சதுரம் செதுக்கப்படும். கல் இவ்வாறு திருத்தத்தை ஏற்கிறது.

ஆயினும் அது ஏற்காத இறப்புகள் உண்டு. போரில் இறந்த வியட்நாமியர் இடம்பெறவில்லை; அமெரிக்கருக்கான நினைவுச்சின்னம் என்பதால் அது எதிர்பார்க்கத்தக்கதே. அமெரிக்கருள்ளும், ஏஜென்ட் ஆரஞ்சு நச்சின் விளைவாலோ மனநோயாலோ பல ஆண்டுகள் கழித்து மடிந்த முன்னாள் வீரர்கள் பாதுகாப்புத்துறை வகுத்த விதிகளுக்குள் வரவில்லை. நாளின் வரிசையில் நிற்பதற்கு, போர்க்களத்தோடு பிணைக்கத்தக்க ஒரு நாள் வேண்டும். மெல்ல நிகழ்ந்த இவ்விறப்புகளுக்கு அத்தகைய நாள் இல்லை. இவர்களுக்கென 2004இல் அவ்வளாகத்தின் தரையில் ஒரு கல்வெட்டு பதிக்கப்பட்டது. அதில் பெயர் எதுவும் இல்லை.