"உங்களுக்கு எந்தச் சாப்டர் நடக்குது?" - வகுப்பு என்ற ஏணியின் கதை



கோடை லீவில் ஊருக்குப் போனால் நம் பிள்ளைகளும் சித்தப்பா, அத்தை பிள்ளைகளும் சேர்ந்த பத்தாவது நிமிடம் ஆரம்பிக்கும் விசாரணை இது. "உங்களுக்கு மேத்ஸ்ல எந்தச் சாப்டர்? எங்களுக்கு அது போன வருஷமே முடிஞ்சுதே!" ஒருத்தன் சி.பி.எஸ்.இ., ஒருத்தி ஸ்டேட் போர்டு, இன்னொருத்தன் ஐ.சி.எஸ்.இ. ஹோம்ஒர்க் நோட்டு கைமாறும். பத்தாததுக்குத் தாத்தாவும் மாமாவும் சேர்ந்துகொண்டு "அஞ்சாங்கிளாஸ்ல இது கூடத் தெரியலையா?" என்பார்கள். அன்றைக்குப் பூராவும் ஒரு பிள்ளையின் முகம் வாடியே இருக்கும்.

சரி, இந்த "அஞ்சாங்கிளாஸ்" என்பது எங்கிருந்து வந்தது? ஒரே வயதுப் பிள்ளைகள் எல்லாம் ஒரே வருஷத்தில் ஒரே கணக்கைப் போட வேண்டும் என்று யார் சொன்னது? கொஞ்சம் தோண்டிப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கிறது.

திண்ணையில் வகுப்பு இல்லை

1822-ல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ, மாகாணத்தில் எத்தனை பள்ளிகள் இருக்கின்றன என்று எண்ணிச் சொல்லும்படி கலெக்டர்களுக்கு உத்தரவு போட்டார். 1826-ல் அவர் கணக்கைத் தொகுத்தபோது வந்தது 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். பெரும்பாலும் நம் திண்ணைப் பள்ளிக்கூடங்கள்தான்.

அங்கே இன்றைய மாதிரி வருஷத்துக்கு ஒரு வகுப்பு கிடையாது. புதிதாகச் சேர்ந்தவன் மணலில் விரலால் எழுதுவான். கை தேறினால் ஓலை. எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம், நிலத்தின் பரப்பளவுக்குக் குழிமாற்று என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். முடித்தவன் அடுத்த சுவடிக்குப் போவான், முடிக்காதவன் அங்கேயே இருப்பான். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். தினமும் எல்லோரும் சேர்ந்து முறை சொல்வார்கள்.

கணக்கு லேசுப்பட்டதல்ல. முந்திரி என்றால் 1/320, காணி 1/80, மா 1/20, வீசம் 1/16. முக்காலை முக்காலால் பெருக்கு என்றால் "அரையே வீசம்" என்று மனசிலிருந்து வர வேண்டும். அதாவது 9/16. நான் கவுண்ட்டரில் உட்கார்ந்த காலத்தில் கால்குலேட்டர் இல்லாமல் இதைப் போட்டிருப்பேனா என்று கேட்காதீர்கள் :-)

அதற்காக அதைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். பெண் பிள்ளைகள் மிகக் குறைவு. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இடமே இல்லை. கோதண்டம் போன்ற தண்டனைகளும் இருந்தன. ஆனால் ஒன்று: "உன் வயசுக்கு நீ இந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும்" என்ற அளவுகோல் மட்டும் அங்கே இல்லை.

எழும்பூரிலிருந்து லண்டனுக்கு

ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789-ல் எழும்பூரில் இருந்த ராணுவ அனாதைச் சிறுவர் விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து, அதைத் தன் பள்ளியிலும் கொண்டுவந்தார். மாணவனே மாணவனுக்குச் சொல்லித்தரும் முறையையும் நடத்தினார். ஊர் திரும்பி 1797-ல் லண்டனில் புத்தகமாகப் போட்டார். அதற்கு "மெட்ராஸ் சிஸ்டம்" என்றே பெயர் நின்றுவிட்டது.

ஆனால் பெல் ஒன்றைக் கூட்டினார். பிள்ளைகளை வகுப்பு வகுப்பாகப் பிரித்து, வகுப்புக்குள்ளும் வரிசை வைத்தார். நன்றாகச் சொன்னவன் மேலே, தவறியவன் கீழே. பக்கத்தில் இருப்பவனோடு ஒப்பிடுவதே பாடத்தை நகர்த்தும் எஞ்சின் ஆனது.

"ஸ்டாண்டர்டு" என்றால் என்ன?

இதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்ட இடம். "ஃபிப்த் ஸ்டாண்டர்டு" என்று நாம் சொல்கிறோமே, அந்த ஸ்டாண்டர்டு பிள்ளையை அளக்கப் பிறந்த சொல்லே இல்லை. பள்ளிக்குப் பணம் கொடுக்கப் பிறந்த சொல்!

1862-ல் இங்கிலாந்து அரசு ஒரு விதி கொண்டுவந்தது. வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றுக்கும் ஆறு ஸ்டாண்டர்டுகள். இன்ஸ்பெக்டர் வந்து ஒவ்வொரு பிள்ளையையும் சோதிப்பார். ஒரு பாடத்தில் ஒரு பிள்ளை தவறினால் பள்ளியின் மானியத்தில் 2 ஷில்லிங் 8 பென்ஸ் கழிக்கப்படும். அதே காற்று சென்னை மாகாணத்துக்கும் வீசி, தேறியவர்கள் கணக்கைப் பார்த்து மானியம் தரும் முறை இங்கேயும் வந்தது.

வங்கியில் வேலை பார்ப்பவர்களுக்கு இது உடனே புரியும். கிளைக்கு டார்கெட் வைத்தால் என்ன நடக்கும்? டார்கெட் எட்டும். வாடிக்கையாளர் கதி வேறு. அங்கேயும் அதுதான். இன்ஸ்பெக்டர் கேட்கும் கணக்கை மட்டும் மனப்பாடம் செய்ய வைத்தார்கள். இங்கிலாந்தில் அந்த முறையை 1890-களில் கைவிட்டார்கள். சொல் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. ஆடிட் குறியீடாக வந்தது பிள்ளையின் அடையாளமாக மாறிவிட்டது.

எல்லாப் பாடமும் ஒரே படியில்

வகுப்பு என்ற ஏணியில் இன்னொரு சங்கடம், எல்லாப் பாடத்திலும் ஒன்றாக ஏற வேண்டும். கும்பகோணத்து ராமானுஜன் கணக்கில் எங்கேயோ இருந்தார். மற்ற பாடங்களில் தவறியதால் கல்லூரி உதவித்தொகை போனது, எஃப்.ஏ. தேர்வையும் தாண்டவில்லை. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்குப் பிரிவு குமாஸ்தாவாகச் சேர்ந்தார். பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும்.

ஆளுக்கொரு ஏணி

சுதந்திரத்துக்குப் பிறகு ஏணிகளின் எண்ணிக்கையும் கூடியது. மாற்றலாகிப் போகும் மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகள் மாநிலத்துக்கு மாநிலம் தவித்ததால்தான் 1963-ல் மத்தியப் பள்ளிகள், அதாவது இன்றைய கேந்திரிய வித்யாலயாக்கள் தொடங்கின. நம்மைப் போன்ற ஊர்சுற்றிகளின் கஷ்டத்துக்கு அரசு சொன்ன பதில் அது.

தமிழ்நாட்டுக்குள்ளேயே பழைய எஸ்.எஸ்.எல்.சி.யில் காம்போசிட் மேத்ஸ், ஜெனரல் மேத்ஸ் என்று இரண்டு இருந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1978-ல் பிளஸ் டூ வந்தது. என் தலைமுறை பத்தாவது எழுதியபோது ஸ்டேட் போர்டு, மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என நான்கு பாடத்திட்டம். எனக்கு மொத்த மார்க் 500. தெருவில் இருந்த மெட்ரிக் பையனுக்கு 1100. அப்படியும் எங்கள் அம்மாக்கள் ஒப்பிடாமல் விடவில்லை! 2010-ல் சமச்சீர் கல்விச் சட்டம் வந்து, வழக்குகள் நடந்து, 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் அந்த நான்கும் ஒன்றாயின.

சி.பி.எஸ்.இ.யோ 2020 பத்தாம் வகுப்புத் தேர்விலிருந்து ஸ்டாண்டர்டு மேத்ஸ், பேசிக் மேத்ஸ் என்று இரண்டு வினாத்தாள் வைத்தது. வகுப்பில் பாடம் ஒன்றே, தேர்வின் கடினம்தான் வேறு. பேசிக் எழுதினால் பதினொன்றில் கணிதம் எடுக்க முடியாது என்று முதலில் விதி. பிறகு அவ்வப்போது தளர்த்தினார்கள். பயத்தைக் குறைக்க வந்த ஏற்பாடுதான். ஆனால் எத்தனை வீட்டில் "நீ பேசிக்கா?" என்பது வசவாக மாறியிருக்கிறது!

அப்போ என்ன செய்யலாம்?

2005 தேசியக் கலைத்திட்டத்துக்காகச் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் பேராசிரியர் ரா. ராமானுஜம் தலைமையில் ஒரு குழு கணிதக் கல்வியைப் பற்றி அறிக்கை தந்தது. எல்லாப் பிள்ளைகளாலும் கணிதம் கற்க முடியும், எல்லோருக்கும் அது தேவை என்பதுதான் அதன் அடிப்படை. கணக்கைக் கண்டு வரும் பயத்தையும் தோல்வி உணர்வையும் முதல் பிரச்சினையாக வைத்தது.

மாற்றல் ஆர்டர் வந்தால் நமக்கு வீடு மாறும், மொழி மாறும். பிள்ளைக்கு இவற்றோடு பாடத்திட்டமும் மாறும். ஓரிடத்தில் "முந்தி" இருந்தவள் அடுத்த இடத்தில் "பிந்தி" ஆவாள். அவள் மூளை மாறவில்லை, சாப்டரின் வரிசைதான் மாறியது. இது தெரியாமல் "டல்" என்று ஒரு பிள்ளைக்குப் பட்டம் கட்டினால், அது பள்ளி முடிந்த பிறகும் கூடவே வரும்.

அடுத்த லீவில் பிள்ளைகள் நோட்டை எடுத்தால் தடுக்க வேண்டாம். "எந்தச் சாப்டர்?" என்பதற்குப் பதிலாக, "இதை எப்படிப் போட்டே, அவனுக்குச் சொல்லிக் குடு" என்று சொல்லிப் பாருங்கள். சட்டாம்பிள்ளை செய்த வேலைதான்! உங்கள் பிள்ளைகள் எத்தனை போர்டு மாறினார்கள், எந்தப் பாடம் விட்டுப்போனது, எப்படிச் சமாளித்தீர்கள்? மாற்றல் ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கும் யாருக்காவது உதவும், எழுதுங்களேன்.