கதையின் முடிவு யாருக்கு உரியது?

கதை கேட்கும் வழக்கம் எவ்வளவு பழமையானதோ, கேட்ட கதையின் முடிவைக் குறித்து வழக்காடும் வழக்கமும் அவ்வளவு பழமையானதே. நாயகன் இறந்தது தகுமா, பிரிந்தோர் கூடியிருக்க வேண்டாமா என்று திண்ணையிலோ புகைவண்டிப் பெட்டியிலோ சொல்லாடாதவர் நம்முள் அரியர். ஆயினும் அவ்வழக்கு பெரும்பாலும் கதை சொன்னவரின் செவிக்கு எட்டுவதில்லை. 2012ஆம் ஆண்டில் அத்தகைய வழக்கொன்று கதை படைத்தோரின் வாயிலுக்கே சென்றது. நான்கு திங்களுக்குள் அதற்கு மறுமொழியும் கிடைத்தது. அவ்வழக்கு எழுந்தது நூலைக் குறித்தன்று, திரைப்படத்தைக் குறித்தும் அன்று. வீடியோ விளையாட்டு ஒன்றைக் குறித்து எழுந்தது.

வீடியோ விளையாட்டு என்றதும் சிறுவர் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவோர் உளர். நம் இல்லத்து இளைஞர் இரவு நெடுநேரம் திரையின் முன் அமர்ந்திருப்பதைக் கண்டு வருந்தும் பெற்றோரும் உளர். அவ்விளையாட்டுக்களுள் சில, பல பாகங்களாக விரியும் நெடுங்கதைகள் என்பதை நாம் அறிதல் வேண்டும். அவற்றில் ஆடுபவர் கதையைப் பார்த்துக்கொண்டு வாளா இருப்பதில்லை. பாத்திரம் என்ன பேச வேண்டும், யாரைக் காக்க வேண்டும், யாரைக் கைவிட வேண்டும் என்பதை அவரே தெரிந்தெடுக்கிறார்.

இவ்வகையில் புகழ்பெற்றது ‘மாஸ் எஃபெக்ட்’ என்னும் தொடர். கனடா நாட்டின் எட்மண்டன் நகரில் 1995ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்ற மூவர் தொடங்கிய ‘பயோவேர்’ என்னும் நிறுவனம் இதனைப் படைத்தது. முதற்பாகம் 2007லும், இரண்டாம் பாகம் 2010லும், மூன்றாம் பாகம் 2012ஆம் ஆண்டு மார்ச்சு 6ஆம் நாளிலும் வெளிவந்தன. மூன்றுக்கும் இயக்குநராக இருந்தவர் கேசி ஹட்சன் என்பவர்.

கதை இருபத்திரண்டாம் நூற்றாண்டில் நிகழ்கிறது. மனிதரும் வேற்றுக் கோள்களில் வாழும் பல்வேறு இனத்தாரும் விண்மீன்களுக்கிடையே போக்குவரவு நடத்தும் காலம் அது. ஐம்பதாயிரம் ஆண்டுக்கு ஒரு முறை ‘ரீப்பர்’ எனப்படும் மாபெரும் இயந்திரங்கள் தோன்றி, முன்னேறிய நாகரிகங்களையெல்லாம் அறுவடை செய்து அழித்துவிடுகின்றன. அவ்வழிவைத் தடுக்கப் புறப்படும் படைத்தலைவரே ஷெப்பர்டு. அவர் ஆணா பெண்ணா என்பதைக் கூட ஆடுபவரே முடிவு செய்கிறார்.

இத்தொடரின் தனிச்சிறப்பு ஒன்றுண்டு. முதற்பாகத்தில் ஒருவர் செய்த முடிவுகள் பதிவு செய்யப்பெற்று, அடுத்த பாகங்களுக்கு எடுத்துச் செல்லப்பட்டன. முதற்பாகத்தின் ஒரு கட்டத்தில் தோழர் இருவருள் ஒருவரையே காக்க முடியும். கைவிடப்பட்டவர் பின்னர் எப்பாகத்திலும் உயிரோடு திரும்புவதில்லை. இரண்டாம் பாகத்தின் இறுதிப் போரிலோ, தோழருள் யார் பிழைப்பர், யார் மடிவர் என்பது ஆடுபவர் முன்னர்ச் செய்த ஆயத்தத்தையும் அப்போது செய்யும் தெரிவையும் பொறுத்திருந்தது. இவ்வாறு ஐந்தாண்டுக் காலம் மூன்று பாகங்களையும் தொடர்ந்தவர் ஒவ்வொருவரும், தமக்கே உரிய ஒரு கதையைத் தம் கையாலேயே கட்டி வந்ததாக உணர்ந்தனர்.

அவர்தம் எதிர்பார்ப்பு வீணாசை அன்று. இறுதிப் பாகம் வெளிவருமுன் ஹட்சன் அளித்த பேட்டியொன்றில், இன்னார்க்கு முதல் முடிவு, இன்னார்க்கு இரண்டாம் முடிவு என்று எண்ணிச் சொல்லும் நிலை இராது என்னும் பொருள்படக் கூறியிருந்தார். செய்த முடிவுகள் எல்லாம் கணக்கில் கொள்ளப்படும் என்னும் நம்பிக்கையை அச்சொல் வளர்த்தது.

விளையாட்டு வெளிவந்தது. திறனாய்வாளர் பெரிதும் பாராட்டினர். இறுதிக் காட்சியை எட்டிய சுவைஞரோ திகைத்தனர். புண்பட்ட ஷெப்பர்டின் முன், அதுகாறும் கதையில் பெயர்கூட விளங்காதிருந்த ஒரு பேரறிவு சிறுவன் உருவில் தோன்றுகிறது. மூன்று வழிகளை அது காட்டுகிறது: ரீப்பர்களை அழித்தல், அவற்றை அடக்கி ஆளுதல், உயிரையும் இயந்திரத்தையும் ஒன்றாகக் கலத்தல். எதைத் தெரிந்தாலும் ஏறத்தாழ ஒரே காட்சிதான் பின்தொடர்ந்தது. விண்ணில் பரவும் ஒளி ஒரு வழியில் சிவப்பு, மற்றொன்றில் நீலம், பிறிதொன்றில் பச்சை. கண்ணுக்குப் புலப்பட்ட பெருவேறுபாடு அதுவே.

எனவே, நாயகன் இறந்தான் என்பதற்காக மட்டும் சுவைஞர் சினந்தனர் என்று கருதுவது பிழையாகும். அவர்தம் குறைகள் தெளிவானவை. தாம் செய்த நூற்றுக்கணக்கான தெரிவுகள் இறுதியில் மூன்று நிறங்களாகச் சுருங்கிவிட்டன என்பது முதற்குறை. போர்க்களத்தில் உடனிருந்த தோழர் எவ்வாறு கப்பலேறித் தொலைவிலுள்ள ஒரு கோளில் இறங்கினர் என்பதற்கு விளக்கம் இல்லை என்பது இரண்டாவது. விண்மீன்களை இணைத்த போக்குவரவு நிலையங்கள் இறுதியில் தகர்கின்றன. அத்தகைய நிலையம் ஒன்று தகர்ந்தால் அதைச் சூழ்ந்த உலகங்கள் யாவும் அழியும் என 2011இல் வந்த இணைப்புக் கதையே காட்டியிருந்தது. அங்ஙனமாயின் காக்கப்பட்டோர் யார் என்பது மூன்றாவது. இவ்வளவுக்கும் பிறகு, மேலும் வரவிருக்கும் இணைப்புப் பகுதிகளைப் பெற்று ஷெப்பர்டின் புகழைத் தொடருமாறு ஓர் அறிவிப்புத் திரையில் தோன்றியது. துக்க வீட்டில் விளம்பரத் தாள் நீட்டியது போல அது பலர் மனத்தைப் புண்படுத்தியது.

மறுப்பு எழுந்த விதம் ஆராயத்தக்கது. கடுஞ்சொற்கள் எழுந்தன, படைத்தோரைத் தனிப்பட்ட முறையில் தாக்கியோரும் இருந்தனர், அச்செயல் எவ்வகையிலும் போற்றத்தக்கதன்று. விளம்பரம் ஒன்று சொல்ல விளையாட்டு வேறொன்றாய் இருந்தது என்று அமெரிக்க வணிக ஆணையத்தில் முறையிட்டதாக ஒருவர் அறிவித்தார். வேறு சிலரோ, இறுதிக் காட்சி முழுவதும் பகைவர் ஷெப்பர்டின் மனத்தில் விளைத்த மயக்கமே என்று ஒரு விளக்கத்தைப் புனைந்து, கதைக்குள்ளிருந்தே சான்றுகள் திரட்டினர். கற்றறிந்தோர் நூலுக்கு உரை காண்பது போன்ற உழைப்பு அதில் இருந்தது.

சிலர் சினத்தை அறமாக மாற்றினர். மருத்துவமனைகளில் உள்ள குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருள்கள் வழங்கும் ‘சைல்ட்ஸ் பிளே’ என்னும் அறநிலையத்திற்கு, முடிவை மறுப்போர் 80,000 டாலருக்கு மேல் திரட்டித் தந்தனர். வேறொரு குழுவினர் சுமார் 400 கப் கேக்குகளை எட்மண்டன் நிறுவனத்திற்கு அனுப்பினர். அவற்றின் மேற்பூச்சு சிவப்பு, நீலம், பச்சை என மூவகை. சுவையோ மூன்றிலும் ஒன்றே. இதனினும் சுருக்கமாக அம்முடிவைத் திறனாய்வு செய்தவர் வேறு எவரும் இலர் எனலாம். நிறுவனத்தார் அவற்றை அந்நகரிலுள்ள இளைஞர் காப்பகம் ஒன்றிற்கு வழங்கிவிட்டனர்.

எதிர்ப்பக்கத்தின் வாதமும் எளிதாக ஒதுக்கத்தக்கதன்று. கலைஞன் தன் படைப்பைக் கூட்டத்தின் குரலுக்கு அஞ்சி மாற்றலாமா? இன்று ஒரு முடிவை மாற்றினால், நாளை எப்படைப்பாளி துணிந்து துயர முடிவு எழுதுவான்? பணம் கொடுத்து வாங்கிய பொருளானாலும், கதை என்பது அளந்து வாங்கும் அரிசியன்று என்று எழுத்தாளர் பலர் எடுத்துரைத்தனர்.

மார்ச்சு 21ஆம் நாள், பயோவேரை நிறுவியவருள் ஒருவராகிய மருத்துவர் ரே முசீகா ஒரு பகிரங்க மடல் வெளியிட்டார். சுவைஞரின் வருத்தத்தை மதிப்பதாகவும், கலைஞர்தம் உரிமையையும் விட்டுக்கொடாது, எஞ்சிய ஐயங்களுக்கு விடை தரத் தம் குழுவினர் முனைந்திருப்பதாகவும் அதில் கூறினார். ஏப்ரல் 5ஆம் நாள் அறிவிப்பு வந்தது. ஜூன் 26ஆம் நாள் ‘விரிவாக்கப் பதிப்பு’ விலையின்றி வெளிவந்தது.

அப்பதிப்பு எதைச் செய்தது, எதைச் செய்யவில்லை என்பதே இவ்வரலாற்றின் உயிர்நிலை. மூன்று வழிகளும் அப்படியே நின்றன, சிறுவனுருவும் நீங்கவில்லை. தோழர் எவ்வாறு கப்பலேறினர் என்பது காட்டப்பட்டது. போக்குவரவு நிலையங்கள் மீண்டும் செப்பனிடப்பெறும் என்பது புலனாயிற்று. ஒவ்வொரு வழியிலும் பின்னர் உலகம் எவ்வாறு அமைந்தது, ஆடுபவர் காத்த இனங்கள் எவ்வாறு வாழ்ந்தன என்று கூறும் பின்னுரை சேர்ந்தது. நான்காவதாக ஒரு வழியும் பிறந்தது: மூன்றையும் மறுத்துவிடலாம். மறுத்தாலோ, அத்தலைமுறை தோற்று அழிகிறது; அவர்கள் விட்டுச்சென்ற செய்தியால் அடுத்த ஊழியினர் வெல்கின்றனர். மறுப்பதற்கு இடம் தந்து, அதன் விலையையும் குறித்துவிட்டனர் படைத்தோர்.

இத்தகைய இக்கட்டு கதையுலகிற்குப் புதிதன்று. டிக்கன்ஸ் 1861இல் தம் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலுக்கு முதலில் எழுதிய துயர முடிவை, நண்பரும் எழுத்தாளருமான புல்வர் லிட்டன் சொல்லியதால் அச்சேறுமுன்னரே மாற்றினார். கானன் டாயில் 1893இல் ஷெர்லாக் ஹோம்ஸை ஸ்விட்சர்லாந்து அருவியில் வீழ்த்திக் கதையை முடித்தார், படித்தோர் விடவில்லை. 1901இல் ஹோம்ஸின் பழைய வழக்கொன்றாக ஒரு நாவலைத் தொடங்கியவர், 1903இல் ஹோம்ஸ் இறக்கவேயில்லை எனக் கூறி அவரை மீட்டு அழைத்தார்.

நம் மொழியிலும் இதற்குச் சான்றுண்டு. 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடர்ந்த ‘பொன்னியின் செல்வன்’ நிறைவுற்றபோது, கதை திடுமென முடிந்துவிட்டது என்று வாசகர் பலர் குறைபட்டனர். கல்கி கதையை மாற்றவில்லை. முடிவுரை ஒன்று எழுதி, பாத்திரங்கள் பின்னர் என்னவாயினர் என்னும் கேள்விகளுக்கு விடை தந்தார். டிக்கன்ஸ் மாற்றினார், டாயில் மீட்டார், கல்கி விளக்கினார். அறுபது ஆண்டுகட்குப் பின் எட்மண்டன் நகரத்தார் மேற்கொண்டதும், தாம் அறியாமலேயே, இம்மூன்றாவது வழிதான்.

எனினும் ஒரு வேறுபாடு உண்டு. வந்தியத்தேவனின் பயணத்தை வாசகர் எவரும் நடத்தவில்லை. உடன் சென்றனர், அவ்வளவே. ஷெப்பர்டின் பயணத்தையோ ஆடுபவரே நடத்தினர். தோழரைக் கைவிட்ட பழியையும் காத்த பெருமையையும் அவர்களே சுமந்தனர். கதையாக்கத்தில் பங்கு கொள்ளுமாறு அழைக்கப்பட்டவர், இறுதியில் தம் பங்கு எங்கே எனக் கேட்பது முறையே. விரிவாக்கப் பதிப்பு அக்கேள்விக்கு முழு விடை தந்தது எனச் சொல்ல இயலாது. தோழரின் கதியைச் சொன்னது. தெரிவுகள் மூன்றாய்ச் சுருங்கிய குறையையோ அது ஓரளவே தீர்த்தது. ஆகவே வழக்காடியோர் சிலர் அமைதியுற்றனர்; சிலர் இன்றளவும் அமைதியுறவில்லை.

2013ஆம் ஆண்டு மார்ச்சில், தோழர் அனைவரும் கூடிக் களித்து விடைபெறும் இணைப்புக் கதையொன்று வந்தது. அதையே உண்மையான பிரியாவிடையாகக் கொண்டவர் பலர். 2021இல் மூன்று பாகங்களும் புதுப்பிக்கப்பெற்று ஒரே தொகுப்பாக வெளிவந்தபோது, விரிவாக்கப் பதிப்பின் முடிவே அதில் இடம்பெற்றது. இன்று முதன்முறையாக அத்தொடரை ஆடும் இளைஞர், 2012இன் அந்த மார்ச்சுத் திங்களில் எழுந்த ஆரவாரத்தை அறியாமலேயே அதன் பயனைத் துய்க்கின்றனர்.

ஒரு கதை தம்மைத் தொடாதபோது மக்கள் அதன் முடிவைக் குறித்துச் சண்டையிடுவதில்லை. மூடி வைத்துவிட்டுப் போய்விடுகின்றனர். அச்சினம் ஐந்தாண்டு அன்பின் மறுபக்கம். கதையின் முடிவு கதை சொல்பவருக்கு உரியது, அதில் ஐயமில்லை. ஆனால், கதை தொடங்கும்போது அவர் கொடுத்த வாக்கு கேட்பவருக்கு உரியது. நம் இல்லத்து இளைஞர் ஒருவர் விளையாட்டொன்றின் முடிவை எண்ணி முகம் வாடி அமர்ந்திருக்கக் கண்டால், என்ன நேர்ந்தது என்று நாம் கேட்போமாக. தொடர்கதையின் கடைசி இதழை மடித்து வைத்துவிட்டு, அன்று நம் முன்னோர் பேசிய பேச்சையே அவரும் பேசக்கூடும்.