மாத்தளை: மூன்று நிலங்களும் ஒரு பாதையும்

தம்புள்ளைக் குன்றின் உச்சியில் நின்று நோக்குவோர்க்கு இலங்கையின் இரு வேறு முகங்கள் ஒருங்கே தோன்றுகின்றன. வடக்கே காடும் வயலும் குளமுமாக விரிந்து அடிவானத்தில் கலந்துவிடும் சமவெளி. தெற்கே ஒன்றன்மேலொன்றாக எழுந்து நீலம் பூத்து நிற்கும் மலைகள். சுற்றிலும் உள்ள நிலத்தினின்று ஏறக்குறைய 160 மீட்டர் உயர்ந்துள்ள இக்குன்றை மலைநாட்டின் கடைசிப் படி என்றும் சொல்லலாம். சமவெளியின் முதற்படி என்றும் சொல்லலாம். எந்தத் திசையிலிருந்து வருகிறோம் என்பதைப் பொறுத்த விஷயம் அது.

நமது பள்ளிக்கூடச் சுவர்களில் தொங்கும் தேசப்படத்துக்கு இந்தத் தயக்கம் கிடையாது. மாத்தளை மாவட்டம் மத்திய மாகாணத்தைச் சேர்ந்தது. மத்திய மாகாணம் மலைநாடு. ஆகவே தம்புள்ளையும் மலைநாடு. குளத்தில் நீராடி வளரும் தம்புள்ளைச் சிறுவனுக்கு இது விளங்காத பாடமாகவே இருக்கும். பிரதேசங்களை இயற்கை மட்டும் வகுக்கவில்லை. நீரையும் நிலத்தையும் யார் ஆண்டனர், யார் உழைத்தனர் என்பதே அவற்றை வகுத்தது. இந்த உண்மையை மாத்தளை மாவட்டத்தைப்போல் தெளிவாகக் காட்டும் இடம் இலங்கையில் வேறில்லை எனலாம்.

முதலில் இயற்கையைக் காண்போம். இம்மாவட்டத்தில் மூன்று நிலங்கள் உள்ளன. வடக்கே தம்புள்ளை, கலேவெல, சிகிரியா ஆகியவற்றை உள்ளடக்கிய தாழ்நிலம். வடகீழ்ப் பருவமழையை நம்பி வாழ்வது. குளமே ஊரின் உயிர். கிழக்கே லக்கலைப் பகுதி. நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவுகளில் சேனைப் பயிரும் படிக்கட்டு வயல்களுமாகப் பழைய சிங்களக் கிராமங்கள் ஒதுங்கிக் கிடக்கும் நாடு. தெற்கே மாத்தளைப் பள்ளத்தாக்கு. உக்குவெல, இறத்தோட்டை முதலிய ஊர்களைச் சுற்றித் தேயிலையும் இறப்பரும் கொக்கோவும் மிளகும் வளரும் தோட்ட நிலம்.

மூன்று நிலம், மூன்று வாழ்க்கை. ஆயினும் இவற்றைப் பிணைப்பது ஒன்று உண்டு, அது நீர். மாத்தளை மலைகளின் நீரைத் தம்புளு ஓயா வடக்கே ஏந்திச் செல்கிறது. 5ஆம் நூற்றாண்டில் தாதுசேனன் கட்டுவித்த கலாவாவிக்கு அது உணவூட்டியது. கலாவாவியினின்று ஏறக்குறைய 87 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாய் அநுராதபுரத்துக் குளங்களுக்கு நீர் கொண்டு சென்றது. மலையில் பெய்த மழை சமவெளியில் நெல்லாக விளைந்தது. பண்டைய இராசரட்டை நாகரிகம் மலைக்குப் புறமுதுகு காட்டி வளர்ந்த நாகரிகம் அன்று.

மனிதர் கதையும் அவ்வாறே. தம்புள்ளைக்கு அருகே இப்பன்கட்டுவையில் கற்பலகைகளால் அமைந்த ஈமக் கல்லறைகள் அகழப்பட்டுள்ளன. இற்றைக்கு இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கும் முற்பட்ட அவை, தென்னிந்தியப் பெருங்கற்கால மக்களின் ஈம முறையோடு நெருங்கிய ஒற்றுமை உடையவை. இத்தீவில் விளையாத கல்லாற் செய்த மணிகளும் அங்கே கிடைத்தன. கி.மு. முதலாம் நூற்றாண்டில் அரியணையை இழந்த வலகம்பா மன்னன் தம்புள்ளைக் குகைகளில் மறைந்து வாழ்ந்தான் என்றும், மீண்டும் அரசெய்தியபின் அவற்றை விகாரையாக்கினான் என்றும் மரபு கூறுகிறது. அவன் காலத்திலேதான் பௌத்த நூலான திரிபிடகம் மாத்தளையருகே அலுவிகாரையில் ஏட்டில் எழுதப்பட்டது. தம்புள்ளைக்கும் மாத்தளைக்கும் இடையே நாலந்தையில் நிற்கும் கற்கோயிலோ பல்லவர் சிற்ப மரபில் எழுந்த பௌத்தக் கட்டடம். அதன் முன் நின்றுகொண்டு, இது திராவிடர் சொத்து, இது சிங்களர் சொத்து என்று பங்கு பிரிக்க முயல்வோரைக் கற்களே பார்த்து நகைக்கும்.

எல்லைப்புறம் என்றால் பகைப்புறம் என்பது பிற்காலத்தார் கற்பனை. இங்கே எல்லைப்புறம் அடைக்கலமாகவும் சந்திப்பாகவுமே இருந்தது. அதற்காகப் பண்டைய சமுதாயத்தைப் பொற்காலமென்று பாடவேண்டியதில்லை. குளம் வெட்டியவன் குடியானவன். பெயர் பெற்றவன் மன்னன். கண்டி இராச்சியக் காலத்தில் இராசகாரியம் என்ற பெயரால் நிலத்துக்கு ஈடாக ஊழியம் வாங்கப்பட்டது. ஆனால் அந்த அமைப்பிலும் உழுபவனுக்குக் காட்டில் சேனை வெட்டவும் மாடு மேய்க்கவும் வழக்குரிமை இருந்தது. அந்த உரிமையையே அடுத்து வந்தவர்கள் பறித்தார்கள்.

1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குச் சென்றது. 1833இல் தீவை ஐந்து மாகாணங்களாக வெட்டினர். பழைய கண்டி நாட்டை ஒரே அலகாக விட்டுவைத்தால் கிளர்ச்சி மூளும் என்ற அச்சம் இந்த வெட்டில் தெரிகிறது. குளநாடான நுவரகலாவிய யாழ்ப்பாணத்தைத் தலைநகராகக் கொண்ட வட மாகாணத்தோடு ஒட்டப்பட்டு, 1873இல் வடமத்திய மாகாணம் பிறக்கும்வரை அங்கேயே இருந்தது. அதே குளநாட்டின் தெற்கு விளிம்பான தம்புள்ளையோ மலையோடு நிற்கிறது. ஒரே ஓயாவின் நீர் இரு மாகாணங்களில் ஓடலாயிற்று.

அடுத்து நிலத்தின்மீது கை வைத்தனர். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், காடு, தரிசு, பயிரிடப்படாத நிலம் அனைத்தும் மறுப்புக்குச் சான்று காட்டப்படும்வரை முடிக்குரிய நிலமே என்று விதித்தது. சேனைக் காட்டுக்கு எந்தக் குடியானவனிடம் உறுதிப்பத்திரம் இருந்தது? பாட்டன் வெட்டிய காடு என்பதே அவன் பத்திரம். அந்நிலங்கள் கோப்பித் தோட்டங்களுக்கு விற்கப்பட்டன. வாங்கியோரில் அரசாங்க உயர் அதிகாரிகளும் இருந்தனர்.

1848இல் தேசாதிபதி டொரிங்டனின் ஆட்சி புதிய வரிகளைச் சுமத்தியது. துவக்குக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கும் வண்டிக்கும் வரி. இவற்றுக்கும் மேலாகச் சாலைச் சட்டம்: வளர்ந்த ஆண்மகன் ஒவ்வொருவனும் ஆண்டுக்கு ஆறு நாள் சாலையில் உழைக்கவேண்டும், அன்றேல் மூன்று சிலிங் கட்டவேண்டும். ஐரோப்பாவின் தலைநகரங்களில் மக்கள் எழுச்சித் தீ பரவிய அதே ஆண்டில், மாத்தளைக் குடியானவனும் எழுந்தான். ஜூலை 26ஆம் நாள் தம்புள்ளை விகாரையிலே கொங்காலேகொட பண்டா மன்னனாக முடிசூட்டப்பட்டார். கிளர்ச்சியாளர் மாத்தளையை நோக்கிச் சென்று அரசாங்கக் கட்டடங்களைத் தாக்கினர். இராணுவச் சட்டம் பிறந்தது. வீரர் புரன் அப்பு ஆகஸ்டு 8ஆம் நாள் கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். பிக்கு ஒருவர் காவியுடையோடே சுடப்பட்டார். கொங்காலேகொட பண்டா மலாக்காவுக்கு நாடுகடத்தப்பட்டு அங்கேயே மாண்டார்.

இந்த வரலாற்றைச் சிங்களப் பிள்ளைகள் பெருமையோடு படிக்கின்றனர், படிக்கவேண்டியதே. ஆனால் அதே ஆண்டுகளில் அதே குன்றின் அடிவாரத்தில் நிகழ்ந்த மற்றொரு வரலாறு உண்டு. அதற்கு முடிசூட்டும் இல்லை, நாளும் இல்லை.

தென்னிந்தியாவின் வறண்ட ஊர்களிலிருந்து பஞ்சமும் கடனும் துரத்திய மக்கள், இராமநாதபுரக் கரையில் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து நூறு மைலுக்கு மேல் நடை. வன்னிக் காட்டின் வழியே மதவாச்சி, மிகிந்தலை கடந்து தம்புள்ளை, பின்னர் நாலந்தை, பின்னர் மாத்தளை. முன்னே கங்காணி, பின்னே மூட்டையும் பிள்ளையுமாகக் கூட்டம். தண்ணீரின்றியும் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே வீழ்ந்தவர் ஆயிரமாயிரம். தமிழகத்துக் கிராமத்தான் அவர்கள் சென்ற நாட்டைக் ‘கண்டிச்சீமை’ என்றான். அச்சீமைக்குள் நுழையும் வாசலில் அவர்கள் கண்ட குன்றே தம்புள்ளை.

இப்போது இவ்விரு வரலாறுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோப்பிக்காகச் சாலைகள் வேண்டியிருந்தன. சாலையிட ஆறு நாள் ஊழியம் கேட்கப்பட்டவன் சிங்களக் குடியானவன். சாலையோரம் புதைகுழியுமின்றிக் கிடந்தவன் தமிழ்க் கூலி. அதே சாலைகளில் மூட்டை மூட்டையாகக் கப்பலுக்குச் சென்றது துரையின் கோப்பி. ஒருவனது நிலம், மற்றவனது உடல், மூன்றாமவனது இலாபம். நிலத்தை இழந்தவனும் உயிரை இழந்தவனும் ஒருவரையொருவர் கொள்ளைக்காரனென்று எண்ணும்படி செய்ததே அந்த மூன்றாமவனின் பெருவெற்றி.

கோப்பி பருவப் பயிர். அறுவடைக்கு வந்தவர் பலர் நடந்தே ஊர் திரும்பினர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது, தேயிலை வந்தது. தேயிலைக்கு ஆண்டு முழுதும் கொழுந்து பறிக்கும் கை வேண்டும். ஆகவே நடந்து வந்தவர் லயன் அறைகளில் நிலைத்தனர். 1880இல் புகையிரதம் மாத்தளையை எட்டியது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும் இரயிலும் இணைந்தபின் பழைய நடைபாதை மங்கியது. மாத்தளை வடக்குப் பாதையோரம் நிற்கும் முத்துமாரியம்மன் கோயிலும், மாசிமகத்தில் உலாவரும் அதன் ஐந்து தேர்களும் அப்பாதையில் வந்தோரின் வழித்தோன்றல்களுக்கு உரியவை.

அந்நிய ஆட்சி 1948இல் நீங்கியது. அது வரைந்த கோடு நீங்கவில்லை. அவ்வாண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று கணக்குப் பார்த்துப் பிரித்தது. எஞ்சியவர் வழக்கு முடியப் பல்லாண்டுகள் சென்றன. 2003இன் சட்டம் வரை காத்திருந்தோர் உண்டு. மறுபக்கம், கண்டிக் குடியானவரின் நிலமின்மையை ஆராய்ந்த ஆணைக்குழுவின் அறிக்கை 1951இல் வெளிவந்தது. அக்கிராமத்தின் வேலிக்கு மறுபுறம் வாழ்ந்த தோட்டத் தொழிலாளிக்கு அந்த ஆணைக்குழுவின் பெயரிலேயே இடமில்லை. ஒரே கொள்ளையின் இரு பலிகளுக்கு இரு வேறு கோப்புகள்!

நீர் மட்டும் கோடுகளை மதிக்கவில்லை. 1976இல் பொல்கொல்லையில் திருப்பப்பட்ட மகாவலி, சுரங்கத்தின் வழியே உக்குவெலைக்கு வந்து, அம்பன் கங்கையோடு போவத்தென்னையை அடைந்து, மீண்டும் சுரங்கம் புகுந்து தம்புளு ஓயாப் பக்கம் பாய்கிறது. கண்டலமைக்கும் கலாவாவிக்கும் செல்கிறது. தாதுசேனன் காலத்துப் பிணைப்பு புதிய வடிவில் மீண்டது.

மனிதரும் அவ்வாறே சந்திக்கின்றனர். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் நெடுஞ்சாலையும், அம்பேபுசையிலிருந்து திருகோணமலை செல்லும் நெடுஞ்சாலையும் தம்புள்ளையில் கூடுகின்றன. 1999இல் தோன்றிய இங்குள்ள பொருளாதார மத்திய நிலையத்தில் மலைநாட்டுக் கரட்டும் கோவாவும் சமவெளியின் வெங்காயமும் பூசணியும் கைமாறுகின்றன. விலை பேசும் நேரத்தில் மூட்டையின் மதத்தை எவரும் கேட்பதில்லை.

ஆயினும் கோடு கீறுவோர் ஓய்ந்துவிடவில்லை. 2012 ஏப்ரலில், புனித பூமிக்குள் இருக்கிறது என்று கூறித் தம்புள்ளைப் பள்ளிவாசலை ஒரு கூட்டம் தாக்கியது. அருகிலிருந்த காளி கோயிலும் அகற்றப்படவேண்டுமென்ற குரல் எழுந்தது. மறு ஆண்டு அக்கோயில் இடிக்கப்பட்டது. அரசிழந்தவனுக்கு அடைக்கலம் தந்த குன்றின் நிழலில், ஏழைகளின் வழிபாட்டிடங்களுக்கு இடமில்லாமற்போயிற்று. 1840இன் சட்டம் ‘உன் பத்திரம் எங்கே’ என்று சிங்களக் குடியானவனைக் கேட்டது. 2012இன் கூட்டம் அதே கேள்வியை முஸ்லிமையும் தமிழனையும் கேட்டது.

ஆசிரிய நண்பர்கள் நாளை வகுப்பில் தேசப்படத்தை விரிக்கும்போது, மாத்தளையின் மூன்று நிலங்களையும் பிள்ளைகளுக்குக் காட்டட்டும். மாகாண எல்லையை விரலால் தொட்டு, இதை யார், எந்த ஆண்டில், எதற்காக வரைந்தார் என்று கேட்கட்டும். பிறகு மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு ஒரு கோடு வரையச் சொல்லட்டும். தேசப்படத்தில் இல்லாத அந்தக் கோட்டை மனிதக் கால்கள் வரைந்தன. சாலை ஊழியத்தை எதிர்த்து எழுந்தவனின் பேரனும் அந்தச் சாலையில் நடந்து வந்தவனின் பேரனும் ஒரே வகுப்பில் ஒரே கோட்டைப் பார்க்கும் நாளிலேதான், மாத்தளையின் மூன்று நிலங்களும் ஒரு நாடாகும்.